எலிக்குப் பிசைந்த மாவு

ரொம்பப் பழைய காலமெல்லாம் இல்லை, போன வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு ஊரில் ஒரு நாத்தனார் இருந்தாள். அவளைத் திட்டாத வாய் அந்த ஆஸ்பத்திரி வார்டில் ஒன்றுகூட இல்லை.

திட்டாமல் என்ன செய்வார்கள்? எலிக்கு வைக்கிறேன் என்று மாவில் மருந்தைக் கலந்து பிசைந்து, மூடாமல் அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டுத் தையல் கடைக்குப் போய்விட்டாளாம். அது தெரியாமல் அண்ணன் பெண்டாட்டி ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டாள். மூன்றாம் நாள் மூக்கில் ஆரம்பித்த ரத்தம் நிற்கவேயில்லை.

"கவனமில்லாம வெச்சுட்டேன்" என்று நாத்தனாரே எல்லோரிடமும் சொன்னாள். யார் நம்புவது? அண்ணியையும் ஒரு பெண் குழந்தையையும் விட்டுவிட்டு அண்ணன் செத்து வருஷம்கூடத் திரும்பவில்லை. வீடு அண்ணி பேரில் இருக்கிறது. நாத்தனாருக்கு நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீடும், விஷம் வைக்கிற கை நமக்கு வேண்டாம் என்று கழன்றுகொண்டது.

அன்று காலையும் அவள்தான் மாத்திரை கொடுத்தாள்.

"இந்தாங்க அண்ணி, வாயைத் திறங்க."

அண்ணி தண்ணீர் குடித்துவிட்டுக் கட்டிலிலிருந்து காலை இறக்கினாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வாய் கொப்பளிச்சிட்டு வரேன்."

"அதெல்லாம் வேணாம். உட்காருங்க." தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் மகளிடம், "விஷத்தையும் வெச்சுட்டு, வாய் கொப்பளிக்கக்கூட விடமாட்டேங்கறா பாரு. எமனுக்கே டியூஷன் எடுப்பா போல!" என்றாள். காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

டாக்டர் வந்தார். ரிசல்ட்டைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாத்தினதிலேர்ந்து ரத்தம் மறுபடி உறைய மாட்டேங்குதே! இந்த எலி மருந்து லேசுல விடாதும்மா. மாசக்கணக்கா உடம்புல உட்கார்ந்திருக்கும். அது வரைக்கும் இந்த வைட்டமின் கே மாத்திரைதான் உயிர். ஒழுங்கா உள்ள போயிருந்தா இப்படி வந்திருக்காது. யாரு குடுக்கறது?"

வார்டே நாத்தனார் பக்கம் திரும்பியது.

"நான்தான் டாக்டர்."

"வேளாவேளைக்கா?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல... மறந்துட்டேன்."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "இன்னைக்கு ஊசி போட்டுத் தேத்திடலாம். ஆனா வீட்டுக்குப் போனப்புறம் மாத்திரை தவறி, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சா, என்கிட்ட தூக்கிட்டு வந்தும் பிரயோஜனமில்லை."

அவர் நகர்ந்ததும், கதவருகே நின்றிருந்த அண்ணியின் தம்பி பாய்ந்து வந்தான்.

"எலிக்கு வெச்சதை மூட மறந்தே. இப்ப மாத்திரை குடுக்க மறந்தே. உன் வேளைச் சாப்பாட்டை ஒரு நாளாவது மறந்தியா?"

"கொஞ்சம் கேளுங்க. இனிமே மாத்திரையை அப்படியே கையில குடுக்காதீங்க. தூளாக்கி, தண்ணியில கலக்கி..."

"கலக்கறதா? அதுல நீ கைதேர்ந்தவளாச்சே!"

யாரோ சிரித்தார்கள்.

"அக்காவையும் பாப்பாவையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ இனிமே அந்தக் குழந்தை கண்ணுலயே படக் கூடாது. ஊசி மருந்து வாங்கிட்டு நான் திரும்பி வரும்போது இங்க நின்னே, மனுஷனா இருக்கமாட்டேன்."

அவன் போனான். நாத்தனார் தன் துணிகளைப் பையில் திணித்தாள். பிறகு போர்வையைச் சரி செய்வதுபோல் அண்ணியின் காதருகே குனிந்தாள்.

"தலகாணி உறைக்குள்ள நீங்க துப்பி வெச்சிருந்த மாத்திரையெல்லாம் காலையிலதான் பார்த்தேன் அண்ணி. எடுத்துப் போட்டுட்டேன். யாருக்கும் தெரியாது."

அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல எலியே இல்லைங்கறதையும் நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பாப்பா பெரியவளாகிக் கேட்டாலும், அத்தைதான் விஷம் வெச்சான்னே சொல்லுங்க. அம்மா தன்னை விட்டுட்டுச் சாகப் பார்த்தாங்கன்னு அவளுக்குத் தெரியவே வேணாம். முழுங்கிடுங்க அண்ணி. இனிமே காவலுக்கு நானும் இல்லை."



அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் அவசரமாகத் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து, அவள் வாசலைத் தாண்டிப் போகும்வரை மடியிலேயே வைத்திருந்தாள்.