விரல் தடம்

அபுதாபி ஆயுதக் கண்காட்சி அரங்கில் நிழலே விழாதபடி விளக்குகள் எரிகின்றன. ரஷ்ய ஸ்டாலில், மேசைமேல் கறுப்பு வெல்வெட். அதில் அந்நாட்டு ராணுவத்தின் புதிய கைத்துப்பாக்கி, யாரும் கொண்டுபோகாதிருக்க மெல்லிய கம்பியால் கட்டப்பட்டுக் கிடக்கிறது. வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனதும் அவர்களுடைய விரல் தடங்களைத் துடைப்பதுதான் சிவமலரின் டியூட்டி. முல்லைத்தீவுக்காரி. சாப்பிட்ட தட்டைத் துடைப்பதுபோலத் துடைத்து வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்கிறாள். இப்போது கோட்டு போட்ட ஒருவர் அதைக் கையில் எடுத்துக் கனம் பார்க்கிறார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறி பார்க்கிறார். குழல் மெதுவாக நகர்ந்து வந்து அவள் நெஞ்சுக்கு நேரே ஒரு கணம் நிற்கிறது. சிவமலரின் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேலே போகின்றன. ஒன்றில் துடைக்கும் துணி தொங்குகிறது. ஸ்டாலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். கோட்டுக்காரரும் "சாரி, சாரி" என்று சிரித்தபடி துப்பாக்கியை வைத்துவிட்டு நகர்கிறார். அவள் கைகள் இன்னும் இறங்கவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த மன்னார்குடி அன்பரசன் மாப்பைப் போட்டுவிட்டு ஓடி வருகிறான்.

"அக்கா, கையை இறக்குங்க. அதுல குண்டெல்லாம் கிடையாது."

"தெரியும் தம்பி. இந்தக் கையளுக்குத்தான் தெரியேல்லை."

தூரத்திலிருந்து சூப்பர்வைசர் "யல்லா, யல்லா" என்று கை தட்டி அவசரப்படுத்துகிறார். அவள் போய்த் துப்பாக்கியை எடுத்துத் துடைக்கிறாள். ஏசிக் குளிரில் இரும்பு சில்லென்றிருக்கிறது. பிடியில் மட்டும் அந்த மனிதரின் உள்ளங்கை வெதுவெதுப்பு. எத்தனை தரம் அழுத்தித் துடைத்தாலும் அது துணியோடு வரமாட்டேனென்கிறது.