எழுத்து மட்டும்

மகள் காணாமல்போன நாளிலிருந்து, அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலை ரோஸ்லின் தினமும் இணையத்தில் பார்த்துவந்தாள். மகள் விட்டுப்போன பழைய கணினியில் இப்போது அந்தப் பக்கம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பழுதுபார்க்க வந்த ஜபார், "புது பிரவுசர் எதையும் இது தாங்காதுக்கா. லேசா ஒண்ணு போட்டுத் தரேன். ஆனா போட்டோ வராது, எழுத்து மட்டும்தான்" என்றான்.

"போதும் தம்பி."

பக்கம் சட்டென்று திறந்தது. ரோஸ்லின் வரிவரியாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். பெண், வயது சுமார் பத்தொன்பது, இடது புருவத்தில் தழும்பு. அந்த வரியை மட்டும் அவள் மறுபடியும் படித்தாள்.

ஜபார் தயங்கினான். "வேணும்னா இந்த ஒரு போட்டோவை மட்டும் இறக்கிப் பாக்கலாம்க்கா."

"புருவத்துல தழும்பு யாருக்குத்தான் இல்ல?" என்றாள் ரோஸ்லின். பிறகு அடுத்த பெண்ணின் வயதை உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.