கோட்டின் நுனி

"நான் எந்திரிச்சு ஒரே ஒரு வார்த்தை…" "வேணாம் சேர், நீங்க எந்திரிச்சா நீதிபதி உங்களத்தான் பார்ப்பாரு!" "தோத்தா பதினோரு குடும்பமும் லயத்த காலி பண்ணணும், டொரதி!" "தெரிஞ்சுதானே யசோதினிகிட்ட கேஸ குடுத்தோம்!" கண்டி நீதிமன்றத்தின் பின் வாங்கில் உட்கார்ந்தபடி மரியநாயகமும் டொரதியும் கிசுகிசுப்பாகச் சண்டை பிடிக்கிறார்கள். ஏழைகளுக்காக வாதாட வரும் இளம் சட்டத்தரணிகளைத் தாங்குவதற்கென்று இருவரும் சேர்ந்து நடத்துகிற அமைப்பின் முதல் பிள்ளை யசோதினி. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள், இன்றுதான் முதல் தடவையாகத் தனியே வாதாடப் போகிறாள். வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும், முப்பது வருசம் வாதாடிய பழக்கத்தில் மரியநாயகம் சட்டென்று எழுகிறார். டொரதி அவருடைய கறுப்புக் கோட்டின் நுனியைப் பிடித்து இழுக்க, எங்கோ ஒரு தையல் விடுகிற சத்தம் கேட்கிறது. ஜன்னல் வெயில் விழுந்த வெள்ளைச் சேலையோடு யசோதினி அதற்குள் முன்னால் வந்து நிற்கிறாள். கையிலிருக்கும் காகிதத்தைப் பார்க்காமலே, பதினோரு குடும்பங்களின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். டொரதியின் உதடுகள் பெயர்களை எண்ணுகின்றன. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பிடித்த கோட்டை மட்டும் அவர் இன்னும் விடவில்லை. மரியநாயகம் மெல்ல உட்கார்ந்து அவர் பக்கம் சாய்கிறார்.

"நானா இருந்தா பேப்பர பார்த்துத்தான் வாசிச்சிருப்பேன், டொரதி."