மூத்தவனுக்கு முதல் தட்டு

“கடிச்சிட்டானா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“இல்லீங்க, உறுமினான். அதுக்கே பொடியன் பயந்துபோய் மேசைக்கு அடியில புகுந்துட்டான்.”

“மூத்தவன்?”

“எழுந்திருக்கவே இல்ல. கம்பளியிலேயே கிடக்கான்.”

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அறையைப் பார்த்தார். சன்னலோரம் நைந்த கம்பளி. அதன்மேல் துரை, ஒன்பது வயது நாய். மேசைக்கு அடியில் இன்று காலை வந்த குட்டி.

கம்பளி அவர் மனைவியுடையது. போன வருடம் அவள் இறந்ததிலிருந்து துரை அதைவிட்டு அதிகம் இறங்குவதில்லை. தட்டில் பாதி அப்படியே கிடக்கும். துணைக்கு ஒன்று இருந்தால் தேறும் என்று தபால்காரர்தான் குட்டியைக் கொண்டுவந்து விட்டுப்போனார். “பத்து நாள் பாருங்க. துரை ஒத்துக்கலைன்னா நானே வந்து தூக்கிட்டுப் போறேன்.”

துரையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதெல்லாம் மனைவிதான். அவர் அந்த வாசலை மிதித்ததில்லை. துரையின் பழைய ஊசி அட்டையைத் தேடியெடுத்து, கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து எண்ணைப் படித்து அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பெண்குரல்.

“டாக்டரம்மாங்களா?” என்று கேட்டிருந்தார்.

ஒரு கணம் சத்தமில்லை. பிறகு, “சொல்லுங்க.”

இப்போது டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். “முதல் தட்டு மூத்தவனுக்கு வைங்க. சின்னவனைக் கொஞ்சணும்னா மூத்தவன் கண்ணுல படாம கொஞ்சுங்க. சின்னவனைத் துடைச்ச துணியை அவன் பக்கத்துல போடுங்க, வாசனை பழகட்டும். அவன் இடத்துல மட்டும் கை வைக்காதீங்க. தன் இடம் போகாதுன்னு தெரிஞ்சா அவனே விட்டுக்கொடுப்பான்.”

“நேர்ல கூட்டிட்டு வரட்டுங்களா?”

“வேண்டாம். நாளைக்கும் நாலு மணிக்குப் போன் பண்ணுங்க.”

போனில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. ஒழுங்கான ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளும் நாலு மணிக்கு அழைத்தார். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் பொடியன் ஒரு வாடிக்கையாளரின் புதுக் கண்ணாடியின் காதுக்கம்பியைக் கடித்துத் துப்பியதைச் சொன்னார். டாக்டரம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது, பழக்கம் விட்டுப்போனவர் சிரிப்பதுபோல.

மூன்று மணி ஆனால் அவருக்குக் கடையில் கை ஓடவில்லை. “கீழ் வரி தெரியுதா?” என்று எதிரில் இருப்பவரைக் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆறாம் நாள் வாய்தவறி, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டார். கேட்டபின் கூச்சமாக இருந்தது.

“இனிமேதான்,” என்றார் டாக்டரம்மா. மணி நாலேகால்.

எட்டாம் நாளும் துரை உறுமியது. தபால்காரர் கடைவாசலில் சைக்கிளை நிறுத்தி, “என்ன, நாளன்னிக்கு வரட்டா?” என்றார். அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தார்.

ஒன்பதாம் நாள் பொடியன் கம்பளியின் ஓரத்தில் ஒரு காலை வைத்தது. துரை தலையைத் தூக்கியது. பார்த்தது. பிறகு எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் தள்ளிப் படுத்தது. பொடியன் அந்த இடத்தில் சுருண்டுகொண்டது.

“இடம் குடுத்துட்டான் டாக்டரம்மா,” என்றார் போனில். “நாளைக்குப் பொடியனுக்கு ஊசி. நேர்லயே வந்து நன்றி சொல்றேன். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல.”

கடிகாரம் கேட்டது.

“அப்ப நாளைக்குப் போன் வராது,” என்றார் டாக்டரம்மா.

பத்தாம் நாள் காலை பொடியனைத் தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி நாய்களின் குரைப்பு தெருமுனைவரை கேட்டது. உள்ளே நரைத்த மீசையோடு ஒருவர் ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா இல்லீங்களா?”

“அம்மாவா? இருபது வருஷமா நான் ஒருத்தன்தான் சார் இங்க.”

அவர் அட்டையை நீட்டினார். போனில் அழைத்த எண்ணையும் காட்டினார். டாக்டர் இரண்டையும் ஒத்துப் பார்த்தார்.

“கடைசி எண் ஏழு இல்ல சார், ஒண்ணு. எழுத்து மங்கிப்போச்சு.” பொடியனுக்கு ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தார். “உங்களுக்கும் கண்ணைப் பாக்கணும்போல. நாலு தெரு தள்ளி ஒரு கண்ணாடிக் கடை இருக்கு. நல்லாப் பாத்துக் குடுப்பாராம்.”

கண்ணாடிக் கடைக்காரர் பொடியனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று கடை திறக்கவில்லை. வீட்டில் நாலு மணிவரை உட்கார்ந்திருந்தார். பிறகு அதே எண்ணை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“நீங்க டாக்டர் இல்லையா?”

“இல்ல.”

“நாயாவது வளர்த்திருக்கீங்களா?”

“ரெண்டு பசங்களை வளர்த்தேன். மூத்தவனுக்கு அஞ்சு வயசுல சின்னவன் பொறந்தான். முதல் மூணு மாசம் ஒரே அடிதடி.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு பேரும் இப்ப தூரத்துல இருக்காங்க,” என்றது குரல்.

கம்பளியில் துரையின் வயிற்றோடு ஒட்டிப் பொடியன் தூங்கிக்கொண்டிருந்தது.

“ராங் நம்பர்னு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

அந்தப் பக்கம் கடிகாரம் கொஞ்ச நேரம் ஓடியது.

“சொல்லியிருந்தா போனை வச்சிருப்பீங்களே.”