அரிவாள் மூக்கன் கோஷ்டி

அந்தப் பெயர் காதில் விழுந்தபோது ஏட்டு மருதுவின் வாயில் பாதி வடை இருந்தது.

“அரிவாள் மூக்கன் வந்துட்டான்” என்றாள், டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் இருந்த கண்ணாடிக்காரப் பெண்.

“தனியாவா?” என்றான் கூட இருந்த ஒல்லிப்பிச்சான்.

“பன்னெண்டு பேரு. கரண்டிவாயன் கூட்டமும் சேந்திருக்கு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஒத்தப்பனைக் கண்மாய்ல இறங்குறாங்க. அங்கனதான் சம்பவம்!”

மருதுவுக்குப் புல்லரித்தது. பத்தொன்பது வருஷ சர்வீசில் அவர் பிடித்த ஒரே திருடன், தானாக ஸ்டேஷனுக்கு வந்து சரணடைந்தவன். ‘இந்த மாசம் ஒரு கேஸாவது பிடிக்கலைன்னா, மாட்டுத்தாவணி வெயில்ல டிராபிக்கைப் பாரு’ என்று இன்ஸ்பெக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

பையைத் துழாவினார். வடை மடிக்க ஸ்டேஷனிலிருந்து எடுத்து வந்த ஏதோ ஒரு தாள் கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் மளமளவென்று எழுதிக்கொண்டார்.

சதி பேசுகிறவர்கள் இவ்வளவு சத்தமாகவா பேசுவார்கள், அதுவும் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில்? ஒரு கணம் அப்படியும் தோன்றியது. கூறுகெட்ட கோஷ்டி என்று முடிவு செய்து டீயைக் குடித்தார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக இரண்டு ஜீப், பத்து போலீஸ், கருவேல மரத்துக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். கொசுக்கள் எல்லாருக்கும் முன்பே வந்திருந்தன.

சரியாக ஆறு மணிக்கு நாணலுக்குள் அசைவு. விசில் ஊதிப் பாய்ந்தார்கள். நான்கு பேர் சேற்றில் வழுக்கி விழுந்து வசமாக மாட்டினார்கள். கையில் வலையும் சாக்குகளும்.

மருது முதல் ஆளின் சட்டையைப் பிடித்தார். “எவன்டா அரிவாள் மூக்கன்?”

அவன் சாக்கை அவிழ்த்தான். “இதுதாங்கய்யா.”

வெள்ளை உடம்பு, கறுத்த தலை, அரிவாளாக வளைந்த நீள அலகு. அந்தப் பறவை மருதுவின் கையில் நறுக்கென்று ஒரு கொத்து கொத்திவிட்டுப் பறந்தது.

“அப்ப கரண்டிவாயன்?” என்றார் இன்ஸ்பெக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அடுத்த சாக்குல இருக்குங்கய்யா.”

மருதுவுக்கு அழுகையே வந்துவிட்டது. மாட்டுத்தாவணி வெயில் இப்போதே மண்டையைப் பிளப்பது போலிருந்தது.

அப்போது கரையில் கைதட்டல். கழுத்தில் பைனாகுலர் தொங்க இருபது பேர் நின்றிருந்தார்கள். முன்னால் அதே கண்ணாடிக்காரப் பெண், பக்கத்தில் ஒல்லிப்பிச்சான்.

“நான் தமிழ்ச்செல்விண்ணே, பறவைக் கழகச் செயலாளர். ரொம்ப நன்றி! ரெண்டு மாசமா இவனுக வலை விரிச்சு, கண்மாயே காலியாகிப் போச்சு.”

“நன்றியா?” மருது பொங்கிவிட்டார். “சம்பவம், கூட்டம்னு என்னா பேச்சு பேசுனீங்க! இந்தா, அம்புட்டையும் எழுதி வச்சிருக்கேன்!”

தமிழ்ச்செல்வி தாளை வாங்கிப் படித்தாள். மறுபக்கம் திருப்பினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இது நாங்க ஸ்டேஷனுக்குத் தபால்ல போட்ட ஏழாவது மனுண்ணே. ஏழுக்கும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல.

அதான் எட்டாவது மனுவை, உங்க பக்கத்து பெஞ்சுல உக்காந்து வாயாலயே கொடுத்துட்டோம்.”