பலகை இல்லாத இடம்

கார் நிறுத்தியதற்கு வந்த அபராதச் சம்மனை ரத்து செய்யக் கேட்டு மூன்றாவது முறையாக நகராண்மைக் கழகத்துக்குப் போனேன். நான் கார் நிறுத்திய இடத்தில் தடைப் பலகையே இல்லை. தொழிற்சாலையில் அரை நாள்தான் விடுப்பு; இரண்டு மணிக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும்.

முகப்பில் மனுக்களைக் கவனிக்கும் லோஷினி என் கோப்பைத் திறந்தாள்.

"செவ்வாய்க்கிழமை ஆபீசர் போய்ப் பார்த்தாரு அண்ணே. நீங்க சொன்னது சரிதான், போர்டு இல்ல. ஆனா ஒருத்தர் அங்க நின்னுக்கிட்டு, நிறுத்தாதீங்கன்னு வர்ற காருக்கெல்லாம் கை காட்டுறாராம்."

ஆபீசர் எடுத்து வந்த படத்தைக் காட்டினாள். என் தொழிற்சாலைச் சட்டை, என் முகம். செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் இருந்தேன்.

"மத்தவங்களுக்குச் சொல்லிட்டு நீங்களே நிறுத்தினா எப்படிலா?" என்று சிரித்தாள். "பரவால்ல, ரத்து பண்ணிட்டேன்."

திரும்பும் வழியில் அந்த இடத்தில் இறங்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு வெள்ளைக் கார் ஓரமாக வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கினார்.

"சாரி அண்ணே, நேத்துதான் சொன்னீங்க. மறந்துட்டேன்."

அவர் போய்விட்டார். நான் கையைத் தூக்கக்கூட இல்லை. மணி இரண்டாகப் போகிறது. கிளம்ப வேண்டும். அதற்குள் இன்னொரு கார் வேகத்தைக் குறைத்தது.