இந்த வருஷத்துத் துபாய்

“இந்தத் துபாய் வேணாம்பா. இது பழசு.”

திருமலை புத்தகத்தை மேஜைமேல் திருப்பித் தள்ளினார். கடைக்காரர் இஸ்மாயில் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். அச்சாகி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது.

“அஞ்சு வருசம் ஒரு பழசா பெரியவரே? பஞ்சாங்கமா வாங்கறீங்க?”

“அந்த ஊரு கதையே வேற. இன்னிக்கி ஒண்ண இடிக்கறான், நாளைக்கி ஒண்ண கட்டறான். இந்த வருசத்துது எடு. தெலுங்குல கீறதா பாரு. எனுக்கு தமிழு பேசத்தான் வரும், படிக்க வராது.”

இஸ்மாயில் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். துபாயில் போய்க் குடியிருப்பவர்களுக்கான வழிகாட்டி, தெலுங்கில். திருமலை விரலை எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் தள்ளினார்.

“ரயிலு எங்க ஏறணும், மீனு எங்க வாங்கணும், வேல வுட்டு வந்து எங்க உக்காருவாங்க, எல்லாம் போட்டுக்கீதா?”

“அல்லாம் கீது. எப்போ ஃப்ளைட்டு?”

“எனுக்கில்ல. எம்புள்ள அங்க கீறான். மூணு வருசமாவுது.”

இஸ்மாயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மூணு வருசமா அங்க கீறவனுக்கு வழி சொல்ற புக்கா? கொல்லன் தெருவுல ஊசி விக்கறாப்ல கீது. சரி, கசங்காம வெச்சிக்கோங்க. வேணாம்னா பில்லோட வந்து வேற மாத்திக்கலாம்.”

“இத்த ஏன் மாத்தப் போறேன்?” என்று புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு திருமலை கிளம்பினார்.

திருப்பதியிலிருந்து வடமாலபேட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி முணுமுணுத்துப் படித்துக்கொண்டே வந்தார். பாவம், மனப்பாடம் செய்யாமல் அவருக்கு வேறு வழியில்லை.

மகன் சுதீர் துபாய்க்குக் கிளம்பிய அன்று, “மாந்தோப்ப வுட்டுட்டு போறவன் எம்புள்ளையே இல்ல. இனிமே என்ன நைனான்னு கூப்டாத” என்று பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் கேட்கக் கத்தியவர் அவர். சொன்ன பேச்சை ஒரு நாளும் கேட்காத பையன், அதை மட்டும் அப்படியே கேட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை.

மனைவி அம்சவேணி வாசலைப் பார்த்துப் பார்த்துப் பாதியாக இளைத்தாள். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள், “தோப்புல கீறப்போ சுதீரு போன் பண்ணான்” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள். ஒரு பொய்யோடு நிற்குமா? எங்கேயோ ஒரு பழைய துபாய் புத்தகம் வாங்கி, வைக்கோல் போரில் செருகி வைத்து, அதிலிருந்து வாரம் ஒரு சேதி எடுத்துச் சொன்னார். நாளாக நாளாக அவளும் தேறிவிட்டாள்.

“எங்கிட்டயும் பேசச் சொல்லுங்க” என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதற்கென்று அவர் தயாராக வைத்திருந்த பொய் செலவாகாமலே கிடந்தது. வெள்ளந்தி மனுஷி என்று நினைத்துக்கொண்டார்.

போன மாதம்தான் வழுக்கிவிட்டது. சுதீர் பழைய மார்க்கெட்டில் மீன் வாங்கினான் என்றார். “அத்த இடிச்சி எவ்ளோ நாளாவுது” என்றாள் அவள், சட்டென்று. டி.வி.யில் பார்த்திருப்பாள். அன்றிலிருந்து அவருக்குப் பயம், அதனால்தான் இந்தப் புதுப் புத்தகம்.

வீட்டுக்கு வந்ததும் அதை வைக்கோல் போரில் மறைத்துவிட்டுக் கை கழுவி உட்கார்ந்தார். அம்சவேணி களி உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

“சுதீரு பேசினான் வேணி.”

“இன்னா சொன்னான்?”

“ரயில்ல போய் வந்துகினு கீறானாம். ஓட்ற ஆளே இல்லாத ரயிலு. மொதப் பொட்டில நின்னுகினா மொத்த ஊரும் தெரியுமாம்.” படித்தது தடையில்லாமல் வந்தது. அந்த வேகத்தில் புத்தகத்தில் இல்லாத ஒன்றும் வந்துவிட்டது. “‘நைனா, உச்சி வெயில்ல தோப்புக்கு போவாத’ன்னான்.”

அவள் கை அப்படியே நின்றது. “நைனான்னா சொன்னான்?”

“வேற எப்டி கூப்டுவான்? ரெண்டு தரம் கூப்டான்.”

அவருக்குக் களி உள்ளே இறங்கவில்லை. பெற்ற பிள்ளை கூப்பிடுவதைத் தானே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அம்சவேணி அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் கண் நிறைந்து வழிந்தது. எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தப் புதுப் புத்தகம் இருந்தது. ஒட்டியிருந்த வைக்கோலை முந்தானையால் துடைத்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

திருமலை தட்டைத் தள்ளி வைத்தார். “கோவிச்சிக்காத வேணி. நீ மனசு வுட்டுடக் கூடாதுன்னுதான்...”

“தெரியும்ங்க” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “கசங்கறதுக்கு முன்ன குடுத்துட்டு, கத்தாரு புக்கா மாத்தினு வாங்க. சுதீரு இப்போ அங்கதான் கீறான்.”